பின்கட்டிலிருந்து தொடங்குங்கள்: கிழக்குக் கடற்கரையில் 40 இருக்கை உணவகம் கட்ட ஒரு வழிகாட்டி

மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் 'இயற்கை உணவகம்' என்று பலகை வைத்த இடங்களுக்குக் குறைவில்லை. கீற்றுக் கொட்டகை, மண்பானை, கயிற்றுக் கட்டில் எல்லாம் இருக்கும். பின்பக்கம் போனால், பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் வேலியோரம் கறுத்துத் தேங்கியிருக்கும். கட்டடம் அந்த நிலத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை முகப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. சமையலறைத் தண்ணீரும் புகையும் எங்கே போகின்றன, சுவருக்கு மண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டி பின்கட்டிலிருந்து முன்னே வருகிறது.

கணக்குகளெல்லாம் ஒரு குறிப்பிட்ட நிலத்துக்கானவை: 40 சென்ட், செம்மண் மேடு, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, 40 இருக்கைகள், ஏறக்குறைய 140 சதுர மீட்டர் கட்டடம். அதில் சாப்பிடும் இடம் 60, சமையலறை 36. மீதி பாத்திரம் கழுவுமிடம், சரக்கறை, கழிப்பறை, ஊழியர் அறை. சமையலறையைக் குறுக்கி இருக்கை கூட்ட நினைக்காதீர்கள். 25 சதுர மீட்டரில் 40 பேருக்குச் சமைத்தால் சூடும் நெரிசலும் தாங்காமல் சமையல்காரர்கள் மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிடுவார்கள்.

வாங்கும் முன்பும் வரையும் முன்பும்

நிலம் உயர் அலைக் கோட்டிலிருந்து (அலை ஏறி வரும் உச்ச எல்லை) 500 மீட்டருக்குள் இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். அதற்குள்ளேயே எதுவும் கட்டக் கூடாத பட்டை எவ்வளவு தூரம் என்பது ஊரின் வகைப்பாட்டைப் பொறுத்தது. தரகர் சொல்வதை நம்பாமல், அரசின் கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் சர்வே எண்ணை வைத்துப் பாருங்கள். நில வகை மாற்றம், ஊராட்சி அனுமதி, கட்டட வரைபட அனுமதி ஆகியவை முடியாமல் கடைக்கால் தோண்ட வேண்டாம்.

முடிந்தால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு மழைக்காலம் நிலத்தைச் சும்மா கவனியுங்கள். தண்ணீர் எந்த மூலையில் நிற்கிறது, எந்த வழியாக ஓடுகிறது என்று மரக்குச்சி நட்டுக் குறியுங்கள். அந்த ஓட்டப் பாதையில் கட்டடம் வரக் கூடாது. பிறகு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து 25 செ.மீ. உயர வித்தியாசத்துக்கு ஒரு கோடு என்று சுண்ணாம்பு போடுங்கள். மேட்டில் கட்டடம், நடுச் சரிவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தாழ்வில் தோட்டம் என்று வைத்தால் தண்ணீர் தானாக இறங்கும். தலைகீழாக வைத்தால் ஒரு கழிவுநீர் மோட்டாரை ஆயுளுக்கும் காப்பாற்ற வேண்டும்.

இருக்கும் மரங்களைக் காக்க, கிளை விரிந்திருக்கும் அளவுக்கு தரையில் ஒரு வட்டம் போட்டு வேலி கட்டுங்கள். அந்த வட்டத்துக்குள் கடைக்கால், குழாய்ப் பள்ளம், லாரி எதுவும் வேண்டாம். தூரைச் சுற்றி 30 செ.மீ. மண் மேடிட்டாலும் மரம் போய்விடும். அது கட்டட வேலை முடிந்து ஒன்றிரண்டு ஆண்டு கழித்துக் காய்வதால் காரணம் யாருக்கும் புரிவதில்லை. தென்னை இருந்தால் அதன் அடியில் மேசை போடாதீர்கள்.

சமையலறை எந்த மூலையில்

வாஸ்து பார்ப்பவர்கள் தென்கிழக்கு அக்னி மூலை என்பார்கள். இந்தக் கரையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்துதான் வருகிறது. அங்கே அடுப்பு வைத்தால் தாளிப்பு நெடி முழுவதும் சாப்பிடுபவர் முகத்தில் அடிக்கும். ஜூன், ஜூலையில் காற்று தென்மேற்கு, மழைக்காலத்தில் வடகிழக்கு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வடமேற்கு மூலைதான் தொல்லை குறைந்தது. சரக்கறை, பாத்திரம் கழுவுமிடம் இரண்டையும் மேற்கு வரிசையில் வைத்தால் மாலை வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். சாப்பிடும் கூடம் கிழக்கும் தெற்கும் திறந்து நிற்கும்.

கட்டடத்தின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். தென்பக்கம் மட்டும் நிழல் போதும் என்று வடநாட்டுப் புத்தகக் கணக்கில் வரைந்துவிடாதீர்கள். இந்த அட்சரேகையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. வடக்குச் சுவருக்கும் தாழ்வாரம் வேண்டும்.

புகைபோக்கிக் கூண்டு அடுப்பு வரிசையைவிட ஒவ்வொரு பக்கமும் 15 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலமுள்ள கூண்டின் வாயில் காற்று நொடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டுமென்றால், மணிக்கு சுமார் 4,100 கன மீட்டர் இழுக்கும் விசிறி தேவை. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்: பெரிய விசிறியை வாங்கிவிட்டு, வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி விடுவதில்லை. விளைவு, கதவு படாரென்று அடித்துக்கொள்ளும், விசிறி இரைந்தும் புகை கூண்டுக்கு வெளியே வழியும். அடுப்புக்கு எதிர்ச்சுவரில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், கொசுவலை போட்ட ஒரு சதுர மீட்டர் திறப்பு விடுங்கள். வெளியேறும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதன் வழியாகவும் மீதி சாப்பிடும் கூடத்திலிருந்தும் வந்தால், வாசனை கூடத்துக்குள் போகாது.

குளிர்பெட்டிகளைச் சமையலறைக்குள் வைக்காதீர்கள். அவை கக்கும் சூட்டை வெளியேற்ற இன்னொரு விசிறி ஓடும். காற்றோட்டமுள்ள சரக்கறைதான் அவற்றுக்கு இடம். 19 கிலோ வணிக சிலிண்டர்களை வெளியே, தரை மட்டத்துக்கு மேல், கம்பிக் கதவு போட்ட அறையில் வையுங்கள். கசியும் வாயு காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும். அருகில் சாக்கடைத் திறப்போ பள்ளமோ கூடாது.

மண்சுவர் ஆசையைச் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம். உணவுப் பாதுகாப்பு விதிகளின் நான்காம் அட்டவணை சுவரும் தரையும் வழவழப்பாக, தண்ணீர் உறிஞ்சாததாக, கழுவக் கூடியதாக இருக்கச் சொல்கிறது. இரண்டு மீட்டர் உயரத்துக்கு வெள்ளை ஓடு பதியுங்கள். தரை வழுக்காத கல்லாக, நூற்றுக்கு ஒன்று சரிவோடு வடிகாலை நோக்கி இறங்கட்டும்.

தண்ணீர்: உள்ளே வருவதும் வெளியே போவதும்

உணவகத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் இருக்கை ஒன்றுக்கு நாளைக்கு 70 லிட்டர் என்று வைக்கிறது. 40 இருக்கைக்கு 2,800 லிட்டர். அதில் சமையலுக்கும் குடிக்கவும் மட்டும் 600 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

தாழ்வாரம் சேர்த்து ஓட்டுக் கூரை 200 சதுர மீட்டர். ஆண்டுக்கு 1,200 மி.மீ. மழை, ஐந்தில் நான்கு பங்கு பிடிபடும் என்று கணக்கிட்டால் 1,92,000 லிட்டர். ஆனால் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆகவே மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்வதில் பயனில்லை, தொட்டியின் கொள்ளளவுதான் கணக்கு. 50,000 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் சமையலுக்கும் குடிக்கவும் 80 நாள் ஓடும். பொங்கலில் தொடங்கினால் மார்ச் கடைசி வரை. அதன்பின் கிணற்றுத் தண்ணீர்தான். தொட்டி நிறைந்து வழிவதை அந்தக் கிணற்றுக்கு அருகே தோண்டிய செறிவூட்டுக் குழிக்கு விடுவது இதற்காகத்தான். கடலோரத்தில் இறைப்பதை ஈடுகட்டாவிட்டால் உப்பு உள்ளே ஏறும்.

ஒவ்வொரு மழையின் முதல் ஒரு மி.மீ., அதாவது 200 லிட்டர், தூசியும் பறவை எச்சமும் கலந்தது. அது ஒரு தனி டிரம்மில் விழுந்து, டிரம் நிறைந்த பிறகே தொட்டிக்குப் போகும்படி குழாயை அமையுங்கள். டிரம்மின் அடிக் குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்தே வையுங்கள். மூடிவைத்தால் அடுத்த மழைக்கு டிரம் காலியாக இருக்காது. வடிகட்டினாலும் சமையலுக்கு எடுக்குமுன் புற ஊதா விளக்குச் சுத்திகரிப்பும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகப் பரிசோதனையும் தேவை.

இனி வெளியே போவது. வடிகஞ்சியையும் அரிசி கழுவிய தண்ணீரையும் குழாயில் விடவே கூடாது. மாவுச்சத்து நிறைந்த அந்தத் தண்ணீர்தான் சுத்திகரிப்புத் தொட்டியைப் புளிக்கவைத்து நாறடிக்கிறது. கழுநீர்ப் பானை வைத்துப் பக்கத்தில் மாடு வளர்ப்பவரிடம் சொல்லிவிட்டால் தினமும் வந்து எடுத்துக்கொள்வார். வறுத்த எண்ணெயும் வடிகாலுக்குப் போகக் கூடாது. 2018 ஜூலை முதல் உள்ள உணவுப் பாதுகாப்பு விதிப்படி, திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அது சமையலுக்கு ஆகாது. மூடிய கேனில் சேர்த்து, பயோடீசலுக்கு வாங்குபவர்களிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கழுவும் தொட்டிகளை ஒட்டியே எண்ணெய்ப் பொறி, அதாவது தண்ணீரில் மிதக்கும் எண்ணெயைப் பிடித்துவைக்கும் தொட்டி, வரும். உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 25 லிட்டர் வந்தால், அரை மணி நேரம் தங்கக் குறைந்தது 750 லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். மூன்று அறை, அறைக்கு அறை தண்ணீர் கீழிருந்து போகும்படி T வடிவக் குழாய். கடையில் விற்கும் 50 லிட்டர் எஃகுப் பெட்டி இந்த வேலைக்குக் காணாது: கொதிநீர் வந்ததும் எண்ணெய் உருகி அப்படியே கடந்துபோய், பத்து மீட்டர் தள்ளிக் குழாயில் உறையும். மேலே மிதக்கும் எண்ணெயும் அடியில் தங்கும் சேறும் சேர்ந்து ஆழத்தில் கால்பங்கை எட்டுமுன் அள்ளிவிடுங்கள். வாரம் ஒருமுறை என்று கிழமை குறித்துவைத்தால்தான் நடக்கும்.

அதன்பின் கழிப்பறைத் தண்ணீரும் சேர்ந்து நாளைக்கு சுமார் 2,400 லிட்டர் சுத்திகரிப்புக்கு வரும். மின்சாரம் கேட்காத அமைப்பு இது: முதலில் 6 கன மீட்டர் படிவுத் தொட்டி. அடுத்து நான்கு அறைகளாகத் தடுத்த 3 கன மீட்டர் காற்றில்லாத் தொட்டி. ஒவ்வொரு அறையிலும் தண்ணீர் அடியில் புகுந்து சேற்றின் ஊடே மேலேறும். மூன்றாவதாக 35 சதுர மீட்டர் பரப்பில் 60 செ.மீ. ஆழத்துக்கு ஜல்லி நிரப்பிய படுகை. அதில் கல்வாழையும் சம்பும் நடுங்கள். தண்ணீர் மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே இருந்தால் கொசு வராது, நாற்றம் வராது. மேலே தெரிவது பூத்த கல்வாழைப் பாத்தி மட்டும். விருந்தினர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் படுகை கெடுவதற்கு முதல் காரணம் கழுவாத ஜல்லி. கிரஷர் தூசியோடு கொட்டினால் ஓராண்டில் அடைத்து, தண்ணீர் மேலே வழியும். 10 முதல் 15 மி.மீ. ஜல்லியைத் தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசிவிட்டுப் போடுங்கள். நுழைவிலும் வெளியேற்றத்திலும் அரை மீட்டருக்குப் பெருங்கற்கள். இரண்டாவது காரணம் பிளீச்சிங் பவுடர். கழிப்பறையில் அதை வாளி வாளியாக ஊற்றினால் தொட்டியிலுள்ள நுண்ணுயிர் செத்துவிடும். வெளிவரும் தண்ணீரை வாழைக்கும் மரங்களுக்கும் மண்ணுக்கடியில் விடுங்கள், கீரைப் பாத்திக்கு வேண்டாம். உறிஞ்சு குழி வைத்தால் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாத தூரம்.

சுவர் வருவது தொட்டிக் குழியிலிருந்து

கட்டடச் சுவரின் கன அளவு கதவு சன்னல் போக 42 கன மீட்டர் அளவுக்கு வரும். அதை அழுத்திய மண்கல்லில் (சுடாமல், இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் கல்) கட்டினால் தோண்ட வேண்டிய குழி ஏறக்குறைய 50 கன மீட்டர். மழைநீர்த் தொட்டிக்கு நமக்குத் தேவைப்பட்டதும் அதே 50 தான். ஆரோவில் பகுதியில் பல ஆண்டுகளாகப் பழகிய வழி இது: மண் வெளியிலிருந்து வராது, குழியும் வீணாகாது.

மேல்மண் 30 செ.மீ. தனியே குவித்துத் தோட்டத்துக்கு வையுங்கள்; மட்கு கலந்த மண் கல்லுக்கு ஆகாது. கீழ்மண்ணைச் சோதிக்க, கண்ணாடிப் புட்டியில் பாதி மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் விடுங்கள். அடியில் சரளையும் மணலும், நடுவில் வண்டல், மேலே களி என்று அடுக்கு பிரியும். சிமென்ட் கலக்கும் கல்லுக்குச் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் நல்ல விகிதம். களி அதிகமென்றால் மணல் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் சிமென்டைக் கூட்டினால் காசு போகும், வெடிப்பு நிற்காது.

எடையில் 5 சதவீதம் சிமென்ட் போதும். ஈரம் சரியா என்று பார்க்க, கையில் உருண்டை பிடித்து மார்பு உயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி, அப்பளமாகத் தட்டையானால் ஈரம் அதிகம், பொடியானால் குறைவு. கலந்த மண்ணை அரை மணிக்குள் அழுத்திவிட வேண்டும். முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளால் மூடி, பிறகு 28 நாள் தண்ணீர் தெளியுங்கள். அவசரப்பட்டுப் பத்தாம் நாள் கட்டிய சுவர் விளிம்பு உதிரும். கட்டும் கலவையும் அதே மண்தான், சிமென்ட் மட்டும் கல்லில் போட்டதைப் போல ஒன்றரை மடங்கு.

மழைத் தெறிப்புக்காக அடிப்பீடம் கருங்கல்லில் 45 முதல் 60 செ.மீ. உயரம். கடலைப் பார்த்த சுவரில் உப்புப் பூக்கும். அந்தப் பக்கம் மட்டும் கல்லை வெறுமனே விடாமல் சுண்ணாம்புப் பூச்சு கொடுங்கள். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து, ஒரு நாள் தகடாகப் பெயர்ந்து விழும். கதவு கீல், திருகு, போல்ட் எல்லாம் 316 ரக எஃகு. 304 இந்தக் காற்றில் புள்ளி புள்ளியாகத் துருவேறும்.

கூரை

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் வரிசையாகச் சாய்ந்தன. கூரையை அந்தக் காற்றை மனதில் வைத்துத்தான் போட வேண்டும். நாற்புறமும் சரியும் கூரை, 30 பாகைச் சாய்வு, மங்களூர் ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15. சுவர் தலையில் சுற்றிலும் கான்கிரீட் பட்டை, அதில் மீட்டருக்கு ஒரு 12 மி.மீ. போல்ட். விளிம்பிலும் முகட்டிலும் மூன்று வரிசை ஓடுகளைத் துருவேறாத கம்பியால் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். காற்று முதலில் அங்கேதான் பிய்க்கும். பிரதான கூரையின் இறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் விளிம்பு) அரை மீட்டரைத் தாண்ட வேண்டாம். தாழ்வாரக் கூரையைத் தனியாகத் தாங்குங்கள், அது பறந்தாலும் பெரிய கூரையைக் கூட இழுத்துக்கொண்டு போகாது.

கீற்றும் ஓலையும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, பள்ளிச் சமையற்கூடத்தில் தொடங்கிக் கீற்றுக் கூரையில் பரவியதுதான். சமையலறைக்கு மேலும், அதையொட்டியும் ஓலை வேண்டவே வேண்டாம். தோட்டத்தில், அடுப்பிலிருந்து விலகி, நாற்புறமும் திறந்த ஒரு பந்தலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாய்வு 45 பாகை. தென்னங்கீற்று ஒன்றிரண்டு மழைக்காலம் தாங்கும், பனை ஓலை அதைவிட நெடுநாள். அந்தக் கூரைத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாதீர்கள், பழுப்பாக இறங்கும்.

பந்தலுக்குச் சவுக்குக் கழி என்றால், போரிக் அமிலம் ஒரு பங்கு, வெண்காரம் ஒன்றரைப் பங்கு சேர்த்த 5 சதவீதக் கரைசலில் பச்சையாகவே ஊறவைத்தால் வண்டு துளைக்காது. இந்த மருந்து மழையில் கரைந்துவிடும் என்பதால் கூரைக்கு அடியில் நிற்கும் கழிக்குத்தான் பயன். மண்ணில் நேராக நடாமல் 30 செ.மீ. கல்தூணின் மேல் நிறுத்துங்கள்.

தோட்டம், வெளிச்சம், மிச்சச் சோறு

புல்தரை போடாதீர்கள், தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். இந்தக் கரையின் சொந்தக் காடு வறண்ட பசுமைமாறாக் காடு: வீரை, காசா, உலக்கைப் பாலை போன்றவை. இரண்டு கோடை காப்பாற்றினால் பிறகு தண்ணீர் கேட்காது. கடல் பக்கம் புன்னையும் பூவரசும் காற்றைத் தாங்கும். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் அரளி வேண்டாம்.

கடற்கரை கண்ணுக்குத் தெரியும் இடமென்றால் விளக்கில் கவனம் தேவை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடுகின்றன. பொரிக்கும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து நிலத்துப் பக்கம் திரும்பிவிடும். வெளிவிளக்குகள் மஞ்சள் கலந்த செம்மை நிறத்தில், முழங்கால் உயரத்தில், மேலே மூடி போட்டுத் தரையை மட்டும் காட்டட்டும்.

நாளைக்கு 20 கிலோ சமையல் கழிவு வந்தால் 2 கன மீட்டர் எரிவாயு, அதாவது ஒரு கிலோ சிலிண்டர் வாயு அளவு கிடைக்கும். பெரிய சேமிப்பில்லை, டீ அடுப்புக்கு ஆகும், கழிவு குப்பைமேட்டுக்குப் போகாது. எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, எலும்பு, வாழை இலை அதில் வேண்டாம். சாப்பிட்ட இலையைச் சாண் நீளத்துக்கு வெட்டி, மூன்று பங்கு சருகோடு கலந்து மட்கக் குவியுங்கள். முழு இலையாகப் போட்டால் அடுக்கடுக்காக ஒட்டி, காற்றுப் புகாமல் அழுகும்.

வேலை வரிசை: பொங்கல் முடிந்ததும் குழி தோண்டிக் கல் அறுக்கத் தொடங்கினால், மார்ச்சில் சுவர் எழும்பி ஆகஸ்டுக்குள் ஓடு வேய்ந்துவிடலாம். கழிவுநீர்த் தொட்டிகளைத் திறப்பு விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே நீர் நிரப்பி, நாலு கூடை பசுஞ்சாணம் கரைத்து ஊற்றி, கல்வாழையை அப்போதே நட்டுவிடுங்கள். முதல் நாளே 120 பேர் வந்து சாப்பிடும்போது அங்கே நுண்ணுயிர் பெருகியிருக்க வேண்டும்.